தை மழையும் அறிக்கையின் கடைசி வரியும்

சரியாகச் சொன்ன ஒரு மழையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று காவ்யா கேட்டார். நான் வேலை பார்த்த வானிலை ஆலோசனை அலுவலகத்தில் இப்போது இருக்கும் இளம் அலுவலர் அவர். அரியலூருக்கு வெளியே வேளாண்மைப் பண்ணையின் மூலையில் நாங்கள் தினமும் குனிந்து குனிந்து பார்த்த கருவிகளை எடுத்துவிட்டார்கள். தானே அளந்து தானே அனுப்பிவிடும் கம்பம் ஒன்றை அங்கே நட்டிருக்கிறார்கள். அதையொட்டி ஒரு சிறு மலர் போடுகிறார்களாம்.

"ஐயா, நீங்க சொன்னது அப்படியே பலிச்ச ஒரு சம்பவம் போதுங்க. ரெண்டு பக்கத்துக்குள்ள" என்றார்.

பலிக்காததைக் கேட்டிருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். பலித்தது என்று ஊரே ஒப்புக்கொண்டது என் சர்வீசில் ஒன்றே ஒன்றுதான். தா.பழூர் பக்கம் தனக்கோடி அக்காவின் நெல். அதையே எழுதலாம் என்று உட்கார்ந்தவன், எதற்கும் ஒரு தடவை அக்காவைப் பார்த்து விவரங்களைச் சரிபார்த்துக்கொள்வோம் என்று பஸ் ஏறினேன். போகாமல் இருந்திருந்தால் இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். போய்விட்டு வந்ததிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். புரிகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.

எங்கள் அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் கடல் கிடையாது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டுகிற இடத்தில் கடல் சிப்பி கல்லாகிக் கிடக்கும். கடலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் எங்கள் வயிறு கடற்கரையில்தான் மாட்டியிருக்கும். வங்காள விரிகுடாவில் ஒன்று உருண்டால், அது நாகப்பட்டினத்தில் ஏறுகிறதா, கடலூரில் ஏறுகிறதா, இலங்கைப் பக்கம் நழுவுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் பெரம்பலூரில் வெங்காயம் அழுகுவதும் தா.பழூரில் நெல் முளைப்பதும். ஐப்பசி, கார்த்திகை மழையை ஓரளவு சொல்லிவிடலாம். மார்கழியும் தையும்தான் ஆளைக் கொல்லும். மழைக்காலம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் குடையை மடக்கிய பிறகு வருகிற மழை அது.

என் பேர் மருதமுத்து, கீழப்பழுவூர்க்காரன். பத்தாவதோடு படிப்பு நின்றது. பண்ணையில் வானிலைக் கருவிகள் இருந்த வேலிக்குள் புல் வெட்டத் தினக்கூலியாகச் சேர்ந்தேன். கால் வைத்து நின்ற வெள்ளை மரப்பெட்டியை ஊரில் புறாக்கூண்டு என்பார்கள். அதற்குள் புறா இல்லை, வெப்பமானிகள் இருக்கின்றன என்பது எனக்கே இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். அளவெடுப்பவர் ஒருநாள் மஞ்சள் காமாலையில் படுத்தார். "நான் பாத்து எழுதட்டுங்களா?" என்று கேட்டேன். அவர் எழுதிவைத்திருந்த பழைய தாள்களைப் பார்த்துப் பார்த்தே பழகியிருந்தேன். அப்படி உள்ளே போனவன் நிரந்தரமாகி, முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டி, அங்கேயே ஓய்வு பெற்றேன். கற்றுக்கொண்டதெல்லாம் இந்தக் கதைதான். இதற்கு மேல் பெருமை ஒன்றும் இல்லை.

பெருமை இருந்தால் நூர்தீன் சாருக்குத்தான். பரங்கிப்பேட்டைக்காரர். அலுவலராக எங்களுக்கு வந்து சேர்ந்த முதல் நாள், மழைமானியிலிருந்து தண்ணீரை அளவுச் சாடியில் ஊற்றி நின்றபடியே நான் பார்த்ததைப் பார்த்தார். பேண்ட்டை ஒரு சுருட்டுச் சுருட்டி, ஈரத் தரையில் முழங்கால் போட்டு, சாடியைக் கல்மேல் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து, "நின்னு பாத்தா தண்ணி நமக்குத் தோதாத் தெரியும் தம்பி. குனிஞ்சாத்தான் அதுக்குத் தோதாத் தெரியும்" என்றார். அன்றிலிருந்து காலை எட்டரைக்கு என் முழங்கால் ஈரமில்லாத மழைநாள் கிடையாது.

அவரிடம் மூன்றே வார்த்தைகள்தான் இருந்தன. வாய்ப்பு குறைவு, வாய்ப்பு உண்டு, வாய்ப்பு அதிகம். "மழை வரும்" என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. போன் செய்கிறவர்களிடமும் அறிக்கையில் இருப்பதை மட்டும்தான் படித்துக் காட்ட வேண்டும், நம் அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்பது விதி.

"சார், இந்த 'வாய்ப்பு உண்டு'க்குப் பதிலா இன்ஷா அல்லாஹ்ன்னே போட்டுடலாமே" என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

"போடலாம்தான். மேல ஒத்துக்க மாட்டாங்க" என்றார், சிரிக்காமல்.

அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். மூன்று கட்டம். முதலில் 'சொன்னது'. அடுத்து 'நடந்தது'. மூன்றாவது 'சரியா'. ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒரு வரி. மூன்றாவது கட்டத்தை நிரப்புகிற அன்று அவர் டீ குடிக்க மாட்டார். முன்னால் வைத்த டீ ஆறிப்போகும். தப்பு என்றால் தப்பு என்று முழு எழுத்தில் எழுதுவார். சுருக்க மாட்டார்.

எங்கள் அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் போகும். பெரம்பலூர், அரியலூர் இரண்டுக்கும் ஒரே தாள். கூட்டுறவு சங்கங்களிலும் பஞ்சாயத்து ஆபீசுகளிலும் ஒட்டுவார்கள். யாரும் படிக்க மாட்டார்கள். சிறுவாச்சூரில் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அங்கே டீக்கடையில் ஒரு பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்டார்: "ஆத்தா வாக்கு திங்க, வெள்ளி. உங்க வாக்கு செவ்வா, வெள்ளி. வெள்ளிக்கிழமை ரெண்டும் சேந்து வருதே, அன்னைக்கு நாங்க யாரை நம்புறது?"

இன்னொரு தடவை, புயல் நம் பக்கம் திரும்புகிறது என்று சொல்லி, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் விடுமுறை விட்டு, அன்றைக்குப் பார்த்து வெயில் கொளுத்தியது. பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "மழைக்காரரு ஏறிட்டாரு, எல்லாரும் குடையை மடக்கிக்கங்க!" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

இப்படி யாரும் படிக்காத தாளைப் படிக்க வைக்க ஒரு வழி எனக்குத் தோன்றியது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஜனங்கள் சொல்கிற சொலவடை என்றால் உயிர். பஸ்ஸில், டீக்கடையில், கேதத்துக்குப் போன இழவு வீட்டில்கூட ஒன்று கேட்டால் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவைத்துக்கொள்வேன். அறிக்கையின் அடியில் வாரத்துக்கு ஒரு மழைப் பழமொழி போட்டால் என்ன என்று சாரிடம் கேட்டேன்.

"நம்ம சொல்றதே சந்தேகம். இதுல பழமொழி வேறயா?"

"படிக்கவாச்சும் செய்வாங்க சார்."

யோசித்தார். "கீழ போடு. சின்ன எழுத்துல போடு."

போட்டேன். 'தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை' என்று முதல் வாரம். பிடித்துக்கொண்டது. மார்கழியில் கர்ப்போட்ட நாளில் மேகம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அடுத்த வருட மழையைச் சொல்கிற ஜனம் இது; பழமொழி என்றால் விடுமா? சங்கத்துச் சுவரில் ஆள் நின்று படிக்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் அடியிலிருந்து படிக்கிறார்கள் என்பதும், பலர் அடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

பொங்கல் கழிந்த வாரம். வெள்ளிக்கிழமை அறிக்கையை வியாழன் சாயங்காலமே தட்டச்சு செய்து வைத்துவிடுவது என் வழக்கம். வியாழன்வரை கடல் அமைதி. மேலே 'வறண்ட வானிலை' என்று அடித்தேன். கீழே அதற்குப் பொருத்தமாக ஒன்று: 'கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை.'

வெள்ளி காலை வந்தால் கடலில் ஒரு காற்றழுத்தம். சார் மூன்று வெவ்வேறு கணிப்பு வரைபடத் தாளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். ஒரு படத்தில் அது இலங்கையைத் தாண்டிப் போகிறது. இன்னொன்றில் நாகப்பட்டினத்துக்கு வருகிறது. மூன்றாவதில் கடலிலேயே கரைந்துவிடுகிறது.

"மூணு பேரும் மூணு சொல்றான்" என்றார். "என் வாப்பா கடலுக்குப் போனவரு. தை மாசத்துக் காத்தழுத்தம் படுத்த மாடு மாதிரிம்பாரு. எழுந்திரிக்குமா, எந்தப் பக்கம் எழுந்திரிக்கும்னு மாட்டுக்கே தெரியாது."

"என்ன போடட்டும் சார்?"

டீ ஆறியது. கடைசியில் நடு வார்த்தையைச் சொன்னார். மேல் வரியை அழித்து மாற்றினேன்: 'சனி முதல் திங்கள் வரை லேசான மழைக்கு வாய்ப்பு உண்டு. அறுத்த நெல்லை மூடி வைக்கவும்.' அவசரத்தில் அனுப்பிவிட்டேன். கீழ் வரி அப்படியே இருந்தது. மேலே வாய்ப்பு உண்டு, கீழே மழையும் இல்லை. சார் சின்ன எழுத்தைப் படிக்கவில்லை. நான் எழுதினவன், எழுதினதை எங்கே படிப்பது?

அன்று மதியம் தனக்கோடி அக்கா போன் செய்தார். தா.பழூர்ப் பக்கத்து ஊர். ஒரு பயிற்சிக் கூட்டத்தில் பழக்கம். புருஷன் இடுப்பு ஒடிந்து படுக்கையில். குத்தகைக்கு இரண்டு ஏக்கரில் பொன்னி போட்டிருந்தார். வருடச் சாப்பாடும் அதுதான், அடுத்த விதையும் அதுதான்.

"தம்பி, கதிரு முத்திப் போச்சு. தொட்டா மணி உதிருது. நாளைக்கு ரெங்கசாமி அண்ணன் வயலுக்கு அறுப்பு வண்டி வருது. கையோட நானும் அறுத்துடவா, இல்ல பொறுக்கவா?"

"வாய்ப்பு உண்டுன்னு போட்டிருக்குக்கா."

"எதுக்கு வாய்ப்பு? அறுக்கவா, பொறுக்கவா? ஒத்த வார்த்தை சொல்லுங்க."

ஜன்னல் வழியே பார்த்தேன். வடகிழக்கில் நிற்க வேண்டிய காற்றுகாட்டி கிழக்கே முகம் திருப்பியிருந்தது. தெற்கே கடலில் ஏதாவது கிடந்தால் அப்படித் திரும்பும். சும்மாவும் திரும்பும். சார் பக்கத்து அறையில் இருந்தார், போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"பொறுங்கக்கா" என்றேன்.

மழை வராமல் மணி உதிர்ந்துவிட்டால் இரண்டு ஏக்கரும் என் வாயால் போனது.

சனிக்கிழமை நல்ல வெயில். ஞாயிறு அதைவிட. வெயில் நேரத்தை அளக்கும் கண்ணாடி உருண்டைக்குப் பின்னால் வைக்கும் அட்டையில் வெயில் அடித்த நேரமெல்லாம் கரிக்கோடு விழும். இரண்டு நாளும் கோடு அறுபடவே இல்லை. திங்களும் அப்படியே. ரெங்கசாமி அண்ணன் சனியன்றே அறுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். செவ்வாய் அறிக்கையில் 'காற்றழுத்தம் வலுவிழந்தது, வறண்ட வானிலை' என்று போட்டோம். தனக்கோடி அக்காவுக்குப் போன் செய்யக் கை போகும், திரும்பி வந்துவிடும்.

புதன் விடியற்காலையில் மழை கொட்டியது. காற்றில்லை, இடியில்லை, பானையைக் கவிழ்த்ததுபோல நேராக விழுந்தது. எட்டரைக்கு முழங்கால் போட்டு அளந்துகொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே சார் குடையில்லாமல் வந்து நின்றார்.

"எவ்வளவு?"

"சாடி ஒரு தடவை நெறஞ்சு கொட்டிட்டேன் சார். இது ரெண்டாவது."

"குனிஞ்சு பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"பாத்தேன் சார்."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு நாள் கழித்து ரெங்கசாமி அண்ணன் வந்தார். அவரை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. கையில் சங்கத்துச் சுவரிலிருந்து கிழித்த எங்கள் தாள். வேடிக்கை என்னவென்றால், 'வறண்ட வானிலை' என்று நாங்கள் தப்பாகச் சொன்ன செவ்வாய்க்கிழமைத் தாளை அவர் கொண்டுவரவில்லை. வெள்ளிக்கிழமைத் தாளைக் கொண்டுவந்தார். மேசையில் விரித்து, அடிவரியில் விரலை வைத்தார்.

"இது யாரு எழுதுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான்" என்றார் சார்.

"கொள்முதல் களத்துல குமிச்சு வச்சிருந்தேன். மூட படுதா இருந்துச்சு என்கிட்ட. அதான் கார்த்திகைக்குப் பின்ன மழையில்லைன்னு ஆபீசுலயே போட்டுட்டாங்களேன்னு, மச்சான் வூட்டுக் கல்யாணப் பந்தலுக்குக் குடுத்து விட்டேன். இப்ப குமி அடியில மொளை விட்டுருக்கு. கர்ணன் குடுத்தான்யா. நீங்க எடுத்துட்டீங்க."

"தப்புதாங்க. அந்த வரி இனிமே வராது" என்றார் சார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நான்தான் எழுதினேன்" என்ற இரண்டு சொல்லை நான் சொல்லவில்லை. அவர் போன பிறகு சார் என்னைத் திட்டவும் இல்லை. "மேல் வரியை மாத்துனா கீழ் வரியையும் படிக்கணும்" என்றார். அதோடு பழமொழி நின்றது.

இரண்டு வாரம் கழித்துத் தனக்கோடி அக்கா வந்தார். துண்டில் முடிந்த புது நெல்லை என் மேசைமேல் வைத்தார். காற்றில்லாத மழை என்பதால் நின்ற பயிர் கொஞ்சம் சாய்ந்ததோடு சரி. வெயில் வந்து காய்ந்ததும் அறுத்தாகிவிட்டது. உதிர்ந்தது போக நல்ல மகசூல்.

"தம்பி பொறுங்கன்னாரு, பொறுத்தேன். எங்க ஊருல நெல்லு காபந்தானது எனக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும்தான்" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

அவர் போனதும் சார் என்னை அழைத்தார். "போன்ல சொன்னியா?"

"ஆமா சார்."

"எதை வச்சு?"

"தெரியல சார்."

நோட்டைத் திறந்தார். 'சொன்னது' கட்டத்தில் இரண்டு எழுதினார்: ஆபீஸ் சொன்னது, மருதமுத்து சொன்னது. 'நடந்தது' கட்டத்தில் மழை. மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மூன்று நாளைக்குச் சொன்ன மழை நாள் தவறி வந்தது, அது சரியா? வராது என்று சொன்ன மறுநாள் வந்தது; அது தப்பா? காரணமே இல்லாமல் சொன்ன ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தின் நெல்லைக் காப்பாற்றியது. அதை எந்தக் கட்டத்தில் போடுவது? "அப்புறம் எழுதலாம்" என்று மூடினார். அந்த நோட்டில் அவர் வெற்றாக விட்ட ஒரே கட்டம் அது. மாற்றலாகிப் போனபோது நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் எங்கே போனாலும், தனக்கோடி நெல்லைக் காப்பாற்றின மழைக்காரர் என்றுதான் பேச்சு. எனக்கே கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை வந்துவிட்டது. அன்றைக்குக் காற்றுகாட்டியைப் பார்த்ததும் உள்ளுக்குள் ஏதோ தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட ஒரு கூட்டத்தில் பேசினேன். ரெங்கசாமி அண்ணனை மட்டும் எங்கே கண்டாலும் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடுவேன்.

இந்தத் தையில் போனபோது அக்கா வாசலில் உட்கார்ந்து கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். அறுப்புக்குத் தயாராகிறார். காபி வந்தது. மலர் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் பொறுங்கன்னு சொன்னதுனாலதானே அறுக்காம விட்டீங்க? அதைத்தான் எழுதப் போறேன்."

ஊசி நின்றது. "புத்தகத்துலயா வரும்?"

"ஆமாக்கா. அச்சுல."

"அப்ப பொய் வரக் கூடாதே தம்பி. வாயில சொல்ற பொய்யி காத்தோட போயிரும். அச்சுல ஏறுனா நிக்கும்ல?"

சாக்கை மடியில் இறக்கிவிட்டு அவரே சொன்னார்.

"நீங்க பொறுங்கன்னீங்க. போனை வச்சுட்டு வயலுக்குப் போனேன். மணி உதிருது. இவரு என்ன கடலுக்குள்ள போயா பாத்துட்டு வந்தாரு, நாம அறுத்துடுவோம்னு ரெங்கசாமி அண்ணன்கிட்ட போனேன். அவரு வயல்ல எறங்கித்தானே எங்க வயலுக்கு வண்டி வரணும், வேற தடம் ஏது? அவரு அறுப்புக்கு முன்னாலயே நெல்லுக்குள்ள உளுந்து தெளிச்சு, அது ரெண்டு எலை விட்டு நிக்கிது. 'என் நெல்லை அறுக்க ஒரு தடவை வண்டி ஏறுறதே உளுந்துக்குப் பாவம், உனக்காவ இன்னொரு தடவை ஏத்த மாட்டேன்'னுட்டாரு. கால்ல விழாத கொறையாக் கேட்டேன். வரப்புல உக்காந்து அழுதுட்டு வூட்டுக்கு வந்தேன்."

"அப்புறம் எப்படி அறுத்தீங்க?"

"அந்த மழையில அவரு உளுந்து பூரா அழுவிப் போச்சு. இனிமே எதைக் காப்பாத்துறது? வண்டியை விட்டுக்கன்னு ஆள் சொல்லி விட்டாரு."

காபி கையிலேயே இருந்தது. ஆறிவிட்டது. சாருடைய டீ ஞாபகம் வந்தது.

"அப்ப நான் சொன்னதுனாலன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே?"

"ஏன் அறுக்கலைன்னு ஊருல கேட்டாங்க. அண்ணன் வழி விடலைன்னு சொன்னா சண்டையாப் போவும். அடுத்த வருசமும் அவரு வயல்லதானே எறங்கணும்? ஆபீசுல பொறுக்கச் சொல்லிட்டாங்கன்னு சொன்னா யாரு மேல யாரு கோவப்படுறது?"

"அந்த நெல்லை எதுக்குக்கா கொண்டாந்து குடுத்தீங்க?"

"பொய்க்கு உங்க பேரை எடுத்துக்கிட்டேன்ல? சும்மாவா வுடுறது?" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊசியைக் கோத்தார். பிறகு, "எழுதுனா எங்க பேரை மாத்திப் போடுங்க தம்பி. அவருதான் இப்ப வழி விடுறாரு" என்றார். மாற்றித்தான் போட்டிருக்கிறேன்.

பஸ்ஸுக்கு நடந்து வருகிற வழியில்தான் அந்த வயல். முத்தின நெல்லுக்குள் இறங்கி, இடுப்பில் கட்டிய துணியிலிருந்து உளுந்தை அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தார் ரெங்கசாமி அண்ணன். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒதுங்குவதற்கு எதிர்ப்பக்கம் இல்லை, வாய்க்கால்தான் இருந்தது. நின்றேன். ஓர் ஓரமாக, ஒரு வண்டி போகிற அகலத்துக்கு, நெடுக அவர் தெளிக்கவே இல்லை. கை அந்தப் பக்கம் வரும்போது தானாக மடங்கிக்கொண்டது.

"அண்ணே, இந்தப் பட்டையை ஏன் வெறுமனே விடுறீங்க?"

"வண்டிக்குத்தான்" என்றார், நிமிராமல். "அந்த மழை வருசத்துலேர்ந்து விடுறேன்."

எனக்கு வேறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணே, அந்தக் கர்ணன் வரியை எழுதுனது எங்க சாரு இல்ல. நான்தான்."

"தெரியும்யா. அந்த மனுசன் நான்தான்னு சொன்னப்ப நீங்க தரையைப் பாத்தீங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிழக்கே ஒரு பார்வை பார்த்தார்.

"இந்த வருசம் எப்படி மழைக்காரரே? கடல்ல என்னவோ இருக்காமே?"

"இருக்குண்ணே. வாய்ப்பு உண்டுன்னு போட்டிருக்காங்க."

"அது மேல் வரி. கீழ் வரி என்ன?"

வீட்டில் அந்த நோட்டு இருக்கிறது. மூன்றாவது கட்டம் இன்னும் வெற்றாகத்தான் இருக்கிறது. வரப்பில் நின்றபடி யோசித்தேன். டிக்கெட்டின் பின்னால் எழுதிவைத்த அத்தனை பழமொழியிலும் எனக்கு அப்போது ஒன்றுதான் ஞாபகம் வந்தது.

"மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாதுண்ணே."

ஒரு கை உளுந்தை அள்ளி வீசினார். வண்டித் தடத்தில் ஒரு மணிகூட விழவில்லை.

"இதை அன்னைக்கே போட்டுருக்கலாமேய்யா" என்றார்.